வேலிக்குள் விளைந்த ஒரு கதிர்

திரைசூழ் செங்கழி நாடாளும் அவனிநங்கையார் திருவாணைப்படி அமைச்சர் கூத்தன் எயினன் எழுதும் ஓலை. சாலவேலிக் காவல்நாயகர் வல்வேட்டரையர் கண்டு தெளிக. உம் வாளும் குடியும் வாழ்க; உம் எல்லையில் மழை பொய்யாதிருக்க.

காடு திருத்தப் புகுந்த குடிகள், காட்டைச் சுற்றிய வேலிக்குள் விளைந்த முதற்கதிரைக் கொற்றவைக்குப் படைக்குமுன் வேலி தாண்டலாகாது என்பது நம் நாட்டு வழக்கம். அதன்படி நிலமளப்பார் பொறையன் சாத்தனார், நிறைசூல் மனைவியோடும் பல குடிகளோடும் உள்ளே அடைபட்டார். வானளாவிய மரங்களைக் கண்டு, மண்ணும் கொழுத்தது என்று நம்பி அவ்விடத்தைத் தேர்ந்தவரும் அவரே. வெட்டினார்கள், எரித்தார்கள், விதைத்தார்கள். இரு பருவமும் பயிர் முழங்கால் உயரம்கூட எழாமல் வெளிறிச் செத்தது. கதிர் இல்லாததால் கதவும் திறக்கவில்லை.

சாத்தனாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடியில் துளையிட்ட இரு பானைகளை எடுத்தார். ஒன்றில் காட்டு மண்ணையும், மற்றதில் வேலிக்கு வெளியே உள்ள சதுப்பிலிருந்து காவலரிடம் கெஞ்சிப் பெற்ற கருஞ்சேற்றையும் நிரப்பி, இரண்டிலும் சாணக் கரைசலை ஊற்றினார். காட்டு மண் ஊற்றியதை ஊற்றியபடியே கீழே விட்டது. சேறோ சத்தையெல்லாம் தன்னிடம் இருத்திக்கொண்டு, தெளிந்த நீரை மட்டும் சொட்டியது. அதைக் கண்டபின்தான் அவருக்கு உண்மை விளங்கியது. காட்டின் வளம் மரத்திலும் சருகிலும் இருந்ததே ஒழிய மண்ணில் இல்லை. எரித்த சாம்பலும் முதல் மழையோடு போயிற்று. இனி ஆயுளெல்லாம் விதைத்தாலும் அங்கே கதிர் வராது.

அந்தச் சேற்றுப் பானையிலேயே எஞ்சிய நெல்லை ஊன்றினார். ஒரு கதிர் வந்தது. ஏந்தி வந்து கதவருகே வைத்தார். நீரோ, அது வெளிமண்ணில் விளைந்தது எனத் தள்ளிவிட்டீராம். வேலிக்குள் பிறந்த அவர் பெண்மகவு பாலின்றி அழுவதாகவும் அவர் விண்ணப்பம் சொல்கிறது. அதைக் கேட்ட அரசியார் உண்ணாமல் எழுந்துவிட்டார்.

வழக்கம் கேட்பது வேலிக்குள் விளைந்த கதிரை. மண் எந்த ஊரது என்று அது கேட்கவில்லை. ஆகவே இவ்வோலை கண்ட கணமே கதவைத் திறந்து, அக்குடிகளைச் சதுப்பின் மேட்டுக்கரையில் அமர்த்துக. காடு மீண்டும் காடாகட்டும். தயங்குவீராயின், நீர் உம் குடும்பத்தோடு உள்ளே புகுக. அந்தக் காட்டு மண்ணிலேயே நீர் முதற்கதிர் காணும்வரை கதவு சாத்தியிருக்கும். இது அரசியார் ஆணை.

நாரை முத்திரை இட்டது. விதைநெல் ஒரு பை உடன் வருகிறது.