எழுப்ப வேண்டாம்

ஜூன் 3, செவ்வாய்

மாமியார் வீட்டு மாடி அறை. வந்து இரண்டு நாள் ஆகியும் கழுத்து திரும்பவில்லை. விமானத்தில் பதின்மூன்று மணி நேரமும் சின்னவன் உருண்டை என் தோளில்தான் கிடந்தான். பதினோரு மாதக் குழந்தைக்கு இவ்வளவு கனம் ஆகாது. பெரியவளுக்கு நாலு வயது. விமானம் ஏறிய ஒரு மணி நேரத்தில் என் மேல் வாந்தி எடுத்தாள். மாற்றுத் துணி இருந்த பை அவரிடம். அவர் திரைக்கு அந்தப் பக்கம்.

மறந்து போகாமல் எழுதி வைக்கிறேன். விமானத்தில் ஏறும் வாசலில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். அடிக்கடி பறக்கிறவராம், அதனால் முன்னால், காலை நீட்டிப் படுத்துக்கொண்டு போகிற இருக்கை. ஒன்றே ஒன்று. "முதுகு வேற வலிக்குது. கொஞ்ச நேரம் படுத்துட்டு வந்துடறேன். நீ சமாளிச்சுக்குவல்ல?" என்றார். என் முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தால் பதில் தெரிந்திருக்கும்.

நாலாவது மணி நேரத்தில் பணிப்பெண்ணிடம் அவரைக் கூப்பிடச் சொன்னேன். போய்விட்டு வந்தவளுக்கே கூச்சம். "ஸ்டிக்கர் ஒட்டிட்டுப் படுத்திருக்காருங்க. அது இருந்தா நாங்க எழுப்பக் கூடாது."

இறங்கும்போது முகம் கழுவி, தலை வாரி, மாப்பிள்ளை மாதிரி வந்து நின்று, "பசங்க தூங்கினாங்களா?" என்று கேட்டார். இனி இந்த நோட்டில் அவருக்குத் துரை என்றுதான் பெயர்.

ஜூன் 5, வியாழன்

துவைக்கப் போட்ட துரையின் சட்டைப் பையில் அந்த ஸ்டிக்கர் கிடைத்தது. வட்டமாக, கருநீலத்தில். 'எழுப்ப வேண்டாம்.' இந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது. எரியட்டும் என்றுதான் ஒட்டினேன்.

ஜூன் 11, புதன்

துரை தன் அக்காவிடம் போனில் சொல்கிறார்: "ரெண்டும் சமத்தா வந்துச்சுங்க. எனக்குச் சத்தமே கேக்கல."

கேக்கல. எப்படிக் கேக்கும்? மாமியாரிடம் லேசாக ஆரம்பித்தேன். "சின்ன வயசுலேர்ந்தே அவன் அப்படித்தாம்மா, படுத்தா இடி விழுந்தாலும் தெரியாது" என்று பெருமைப்பட்டுக்கொண்டார்.

உருண்டை சோபாவைப் பிடித்து நிற்கிறான். கையை விட்டதும் தொப்பென்று உட்கார்ந்துவிடுகிறான். பெரியவள் முதல் அடி வைத்தபோது நான் பள்ளியில் இருந்தேன். அவளைப் பார்த்துக்கொண்ட என் அம்மா சாயங்காலம் சொல்லித்தான் தெரியும். இவனை அப்படி விடுவதாக இல்லை. எங்கே போனாலும் இவனைக் கண் பார்வையிலேயே வைத்திருக்கிறேன்.

ஜூன் 14, சனி

வழி கிடைத்துவிட்டது.

பறந்து பறந்து துரை சேர்த்த புள்ளிகள் எல்லாம் குடும்பக் கணக்கில் இருக்கின்றன. அதன் கடவுச்சொல்கூட அவருக்குத் தெரியாது. டிக்கெட், படிவம், பாஸ்போர்ட் எல்லாம் என் தலையில் கட்டியவர் அவர்தானே. திரும்பிப் போக முன்னால் இரண்டு இருக்கைக்குப் புள்ளிகள் போதும்.

முதலில் எனக்கு ஒன்று போட்டுக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அப்படிச் செய்தால் சண்டை என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். நாத்தனார் ஒரு வருஷம் பேசுவார். பள்ளியில் நாற்பத்திரண்டு ஆசிரியர்களை ஒருவர் மேல் ஒருவர் முட்டாமல் அட்டவணை போடுகிறவள் நான். ஒரு புருஷனை எங்கே உட்கார வைப்பது என்று எனக்குத் தெரியாதா?

முன்னால் துரை. பக்கத்தில் பெரியவள். துரையின் மடியில் உருண்டை. பின்னால், முப்பத்தெட்டாவது வரிசையில், நடைபாதை ஓரமாக, தனியாக நான். நடுவில் திரை.

ஜூன் 22, ஞாயிறு

சாப்பிடும்போது சொன்னேன். துரை என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்காகவா? நீ ஏன் பின்னாடி கஷ்டப்படணும்?"

"உங்களுக்குத்தான் முதுகு வலியாச்சே" என்றேன்.

மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. "யாருக்கு வரும்மா இந்த மனசு." எனக்குத்தான் வரும் அத்தை. இப்படிப்பட்ட மனசு எனக்குத்தான் வரும்.

ஜூன் 30, திங்கள்

பை கட்டியாயிற்று. குழந்தைகளை வைத்து நான் விளையாட மாட்டேன். பால், மருந்து, டயபர், துணி எல்லாம் வேண்டிய அளவுக்கு மேலேயே இருக்கிறது. எது பையின் எந்த அறையில் என்று மட்டும் சொல்லவில்லை. துரை கேட்கவும் இல்லை.

ஜூலை 2, புதன். விமானத்தில்

திரையை இழுத்துவிட்டார்கள். என் மடியில் யாரும் இல்லை. சூடாக ஒரு காப்பி, கடைசிச் சொட்டு வரை சூடாகவே.

இரண்டாம் மணி: உருண்டையின் அழுகை. இவ்வளவு தூரம் கேட்கிறது. கை பரபரக்கிறது. போகக் கூடாது. போனால் எல்லாம் வீண்.

மூன்றாம் மணி: திரையைத் தாண்டிப் பெரியவளின் கத்தல். "அப்பா எனக்கு ஒண்ணுக்கு." அருமை.

நோட்டிலிருந்து ஸ்டிக்கரை உரித்துப் போர்வை மேல் ஒட்டிக்கொண்டேன். பசை கொஞ்சம் மிச்சம் இருந்தது.

ஐந்தாம் மணி: பணிப்பெண் வந்து குனிந்தாள். "உங்க ஹஸ்பண்ட் உங்களை உடனே வரச் சொன்னாருங்க. ஒரே நிமிஷமாம். நானே கூட்டிட்டுப் போறேன்."

"குழந்தைக்கு ஏதாவது?"

"சேச்சே, நல்லா சிரிச்சுட்டிருக்கான்."

அவ்வளவு போதும். ஸ்டிக்கரைக் காட்டினேன். "தூங்கறேன்னு சொல்லிடுங்க." அவளும் சிரித்துவிட்டுப் போனாள். இதைச் சொல்லத்தானே ஒரு மாதமாகக் காத்திருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் முன்னால் கைதட்டல். துரை மேல் எதையாவது கவிழ்த்திருப்பான் என் செல்லம். நல்லா வேணும்.

தூங்கப் போகிறேன்.

ஜூலை 3, வியாழன்

வீடு. இறங்கும்போது துரையின் சட்டை முன்புறம் முழுக்க ஆரஞ்சு ஜூஸ், ஒரு காலில் சாக்ஸ் இல்லை, கண் இரண்டும் மிளகாய்ப்பழம். காரில் வரும்போது மெதுவாகக் கேட்டார்: "போறப்ப நீ ஒருத்தியா எப்படிச் சமாளிச்ச?"

முப்பது பதில் தயாராக வைத்திருந்தேன். "சமாளிச்சேன்" என்று மட்டும் சொன்னேன். ஜெயித்துவிட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

உருண்டை நடந்துவிட்டான்.

சோபாவிலிருந்து என் வரைக்கும் நாலு அடி. என் மேலேயே வந்து விழுந்தான். அழுதுவிட்டேன். என் கண்ணால் பார்த்தேன், யாரும் சொல்லி அல்ல. துரை சமையலறை வாசலில் நின்று கை தட்டினார். பெரியவள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். துரை அவளைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார்.

ஜூலை 9, புதன்

பெரியவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன்.

"தம்பி பிளேன்லயே நடந்துட்டான்மா."

"எப்போ?"

"அப்பா சீட்டைப் பிடிச்சுட்டு நின்னான். அப்புறம் கையை விட்டுட்டு நின்னுட்டே இருந்தான். அப்பா அந்த அக்காகிட்ட, சீக்கிரம் அம்மாவைக் கூட்டிட்டு வாங்கன்னாரு. அவனைத் தொடவே விடல என்னை, அம்மா வரட்டும்னு. நீ தூங்கிட்ட. அவன் அந்தப் பக்கம் இருந்த ஒரு தாத்தா சீட்டு வரைக்கும் போயிட்டான். எல்லாரும் கை தட்டினாங்க."

பாதிப் பின்னலை விட்டுவிட்டு அவளை என் பக்கம் திருப்பினேன்.

"அப்பா சொல்லக் கூடாதுன்னாரு. அம்மா வீட்ல பார்ப்பா, அதையே முதல் தடவைன்னு வெச்சுக்கலாம்னாரு."

என்ன மனுஷன் இவர்? அன்றைக்கே காரில் என் மூஞ்சியில் அடித்த மாதிரி சொல்லியிருக்கலாமே. நான் சொல்லியிருப்பேன். நிச்சயமாகச் சொல்லியிருப்பேன்.

கேட்கலாமா? கேட்டால், நான் தூங்கவில்லை, முழித்துக்கொண்டுதான் இருந்தேன் என்று சொல்ல வேண்டும். கைதட்டலைக் கேட்டேன். கேட்டுச் சிரித்தேன்.

ஐயோ, என் குழந்தை.

ஜூலை 10, வியாழன்

காலையில் உருண்டை கட்டிலைப் பிடிக்காமல் ஒரு முழுச் சுற்று நடந்தான். அவர் நல்ல தூக்கத்தில் இருந்தார். எழுப்பினேன்.