மூன்றாவது கியர்

சட்டையில் ஆயில் வாடை இன்னும் போகவில்லை. நான்கு நாளாயிற்று, இரண்டு முறை துவைத்தாயிற்று. உன் பைக்கின் எஞ்சினைப் பிரித்தபோது தெறித்தது. அதை உனக்குச் சொல்லத்தான் இந்த மடல்.

நீ இறந்து, வீட்டோடு துக்கம் இருக்கும் நாலு மாதம் பத்து நாள் இத்தா முடிந்த மறுவாரம் உன் மனைவி பர்வீன் வண்டிச் சாவியைக் கொடுத்தனுப்பினாள். "நீங்களே ஓட்டுங்கண்ணே. வாசல்ல நிக்கிறதப் பாக்க ஏலல" என்று போனில் சொன்னாள். தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்குமாக இருபது வருடம் நீ கருவாட்டு மூட்டை ஏற்றிய வண்டி. என் கைக்கு வந்ததும் மூன்றாவது கியர் கரகரவென்று அரைத்தது. விழுந்தாலும் நியூட்ரலுக்கு நழுவியது. கிளட்ச் கேபிளைச் சரிசெய்தேன். செயினை இறுக்கினேன். ஆயில் மாற்றினேன். எதற்கும் கேட்கவில்லை.

மெக்கானிக் பாண்டி எஞ்சினைப் பிரித்து, கியரை நகர்த்தும் ஃபோர்க்கைக் காட்டினான். ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. "எந்நேரமும் லீவர் மேலயே கால வச்சு ஓட்டிருக்காகண்ணே."

எனக்குச் சிரிப்பு வந்தது. நங்கூரம் விழுந்து நசுங்கிய உன் இடது பாதம் எதன் மேலாவது சாய்ந்தே இருக்கும். "கால எடுறா, கியர் போயிரும்" என்பேன். "போனா மாத்திக்கிருவோம் மாப்ளே" என்பாய்.

புது ஃபோர்க் போட்டோம். ஒரு வருடம் வெண்ணெயாக விழுந்தது கியர்.

போன வாரம் தனுஷ்கோடி ரோட்டில், உச்சி வெயிலில், மூன்றாவது மறுபடி நழுவியது. பின்னால் வந்த சுற்றுலா வேன் மணலுக்குள் இறங்கித்தான் என்னை இடிக்காமல் நின்றது. குனிந்து பார்த்தேன். என் இடது கால் லீவர் மேல் சாய்ந்திருந்தது. எப்போது வைத்தேன் என்று தெரியவில்லை. எடுத்தேன். ராமேஸ்வரம் வருவதற்குள் மறுபடியும் அங்கேயே இருந்தது.

பாண்டி திரும்பப் பிரித்தான். புது ஃபோர்க், அதே இடத்தில் தேய்ந்திருந்தது.

"ஒரு வருசத்துல இம்புட்டுத் தேயாதுண்ணே. வேற யாரும் ஓட்டுறாகளா?"

"நான் மட்டுந்தான்."

வேறொன்று மாட்டிவிட்டு, அவன் அதைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தான். பட்டறையில் வைத்துக்கொள்ள அவனுக்கு மனமில்லை.

வண்டியை விற்றுவிடலாமா என்று பர்வீனிடம் கேட்கப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"சாயங்காலம் நீங்க இந்தப் பக்கம் போறப்ப கியர் மாத்துற சத்தம் அவுக மாத்துறது கணக்காவே இருக்கும்ணே. கேட்டதும் எந்திரிச்சுக் கதவத் தொறந்துருவேன்."

"தினமுமா?"

"தினமுந்தான். விக்க வேணாம்ணே. வேற தெருவழியாவும் போயிராதீக."

போகவில்லை. தினமும் உன் வீட்டைத் தாண்டித்தான் போகிறேன். கதவு திறக்கும் சத்தம் கேட்கிறது. நான் மட்டும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவள் என்னைப் பார்த்து, நீ இல்லையென்று ஏமாந்து நின்றால் தாங்கிக்கொள்வேன். ஏமாறாமல் நின்றால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது.