துரையும் மார்கழிக் குளிரும்

மார்கழி 2, புதன்

பனி. எதிர்வீட்டு வாசல் தெரியவில்லை. எழுந்ததும் கிணற்றடி. மார்கழி விடியலில் கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பு, அதில் ஒரு செம்பு துரைக்கு. பாட்டில் தண்ணீரில் பாதியை மட்டும் மாற்றினேன். முழுதும் மாற்றினால் மிரண்டுவிடும் என்று மைத்துனன் தீபாவளிக்குச் சென்னையிலிருந்து கொண்டுவந்தபோதே சொன்னான். துரைக்கு ஆனபிறகுதான் எனக்குக் காபி.

முன்போர்ஷன் மாமி வந்தார். கனகத்தைப் பார்க்க வந்தவர் கட்டில் பக்கத்து ஸ்டூலில் இருந்த பாட்டிலைப் பார்த்துவிட்டார்.

"ஏண்டி கனகம், ஆத்துக்குள்ளே மீனா? திங்கறதுக்கா?"

"ஐயோ, பாக்கறதுக்கு மாமி. சண்டை மீன். ரெண்டு ஆம்பளை மீனை ஒண்ணா விட்டா கிழிச்சுப் போட்டுடும். அதான் மிட்டாய் பாட்டில்ல தனியா இருக்கு. பேரு துரை."

மாமி குனிந்து பார்த்தார். சிவப்பு வால், நீலச் செதில், ஒரு திமிர். "பெருமாளே மத்ஸ்யமா வந்தவர்தானே. இருந்துட்டுப் போகட்டும்" என்றார். ஸ்ரீரங்கத்தில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

கனகம் சிரித்தாள். சிரித்த சிரிப்புக்கு நெடுநேரம் மூச்சு வாங்கினாள்.

மார்கழி 4, வெள்ளி

டாக்டர் வந்தார். இருதயத்தில் வால்வு சுருங்கிக்கிடக்கிறது, பழைய பாட்டுத்தான். தை பிறந்ததும் வேலூரில் ஆபரேஷன். இடம் இருப்பதாகக் கடிதம் வந்துவிட்டது. அதுவரை குளிர் படக்கூடாது, சளி கட்டக்கூடாது, குனிந்து நிமிரக்கூடாது. எல்லாம் கூடாதுதான், செய்யலாம் என்று ஒன்றும் சொல்லவில்லை.

அவர் போனதும் க. பாட்டிலைப் பார்த்தபடி: "இது தை வரைக்கும் தாங்கிட்டா நானும் தாங்கிடுவேங்க."

போடி பைத்தியம் என்றேன். ஆனால் ஆபீசுக்குச் சைக்கிள் மிதிக்கும்போது, காவேரிப் பாலம் முழுக்க, தென்னூர் வரைக்கும், அந்தப் பாட்டிலை எப்படிச் சூடாக வைப்பது என்ற ஒரே யோசனை.

வாங்க: சின்ன பல்பு. ஒயர். பிஸ்கட் டின் (காலி). மாத்திரை. காந்தி மார்க்கெட்டில் சாத்துக்குடி.

மார்கழி 5, சனி

அரை நா. லீவு. பல்பை டின்னுக்குள் வைத்து, டின் மேல் பாட்டில். எனக்கே பெருமை. சாயங்காலம் பார்த்தால் துரை மேலேயே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. தண்ணீர் ரசம் மாதிரி ஆகியிருக்கிறது. இறக்கி, ஆறிய தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, ஒருவழியாகத் தெளிந்தது.

க. படுத்தபடியே சொல்லிக்கொடுத்தாள். "விரலை விட்டுப் பாக்காதீங்க, விரலுக்குத் தெரியாது. முழங்கையை வையுங்க. சுடவும் கூடாது, ஜில்லுன்னும் இருக்கக்கூடாது."

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டுவிட்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆறே நாள் இருந்த குழந்தை. அதைக் குளிப்பாட்ட அப்படித்தான் பார்ப்பாள்.

பல்பு இப்போது டின்னுக்கு வெளியே, பாட்டிலுக்குப் பக்கவாட்டில், ஒரு ஜாண் தள்ளி.

மார்கழி 7, திங்கள்

லால்குடியிலிருந்து அத்தை வந்துவிட்டார்கள். மகளைப் பார்த்து அழவில்லை. மீனைப் பார்த்துத்தான் கத்தல். "சீக்காளி கட்டிலண்டை இது என்ன மாப்பிள்ளை, கவுச்சி? ஒரு மல்லிப்பூ வைக்கக்கூடாதா?" கவுச்சியே அடிக்காது என்றேன். காதில் வாங்கவில்லை. நாளெல்லாம் முணுமுணுப்பு.

துரைக்குக் கொசுப்புழு: கொல்லையில் பழைய தொட்டி, மாமி வீட்டு உடைந்த தவலை. வடிகட்டி எடுத்தேன். ஒரு நாளைக்குக் கொஞ்சம்தான். அதிகம் போட்டால் வயிறு ஊதிவிடும்.

மார்கழி 8, செவ்வாய்

ஆபீசிலிருந்து வந்தால் வீடெல்லாம் மருந்து நெடி. மலேரியாவுக்கு டி.டி.டி. அடிக்கிற ஆட்கள் வந்து போயிருக்கிறார்கள். சுவரெல்லாம் வெள்ளைத் திட்டு. க. மாமி போர்ஷனில் பத்திரம். பாட்டில்?

அலமாரிக்குள். மேலே தாம்பாளம், அதன்மேல் ஈரத்துண்டு.

"யாரு எடுத்து வச்சது?"

"இங்க வேற யாரு இருக்கா?" என்றார்கள் அத்தை, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மார்கழி 10, வியாழன்

நல்ல நாள். க. ஒரு இட்லி முழுதாகச் சாப்பிட்டாள். தலை பின்னிக்கொண்டு, பொட்டு வைக்கிற சின்னக் கண்ணாடியைப் பாட்டிலுக்கு எதிரே காட்டினாள். துரை எதிரி வந்துவிட்டான் என்று செவுளை விரித்து, வாலை விரித்து, ஒரே ஆர்ப்பாட்டம். க. கைகொட்டினாள். அத்தைகூட எட்டிப் பார்த்தார்கள். "சரியான முன்கோபி, மாப்பிள்ளை மாதிரி" என்று அத்தை சொன்னதும் மூன்று பேருக்கும் சிரிப்பு.

சாயங்காலம் கரண்டு போயிற்று. அரிக்கேன் விளக்கைப் பாட்டில் பக்கம் வைத்து, வாயை மெல்லிய துணியால் மூடினேன். மேலே வந்து காற்றுக் குடிக்கிற மீன், அந்தக் காற்றும் குளிரக்கூடாது.

"அதுக்கும் எனக்கும் ஒரே வியாதிங்க. சும்மா சும்மா மேல வந்து மூச்சு வாங்கணும்" என்றாள் க.

கால் வீக்கம் கொஞ்சம் கூடியிருக்கிறது. அவளிடம் சொல்லவில்லை. அவளும் என்னிடம் சொல்லவில்லை.

மார்கழி 11, வெள்ளி

நாளை வைகுண்ட ஏகாதசி. தெரு முழுக்க வெளியூர்க்காரர்கள், மூட்டை, குழந்தை, கட்டுச்சோறு. க.வுக்கு இருமல். டா. வந்து ஊசி போட்டார்.

துரை நன்றாக இருக்கிறது.

மார்கழி 14, திங்கள்

கனகம் போய்விட்டாள்.

சனி விடியற்காலை. மூச்சுத் திணறல். டாக்டரைக் கூப்பிட ஓடினேன். தெருவில் நகர இடமில்லை, அத்தனை கூட்டமும் கோயில் பக்கம் ஓடுகிறது, நான் எதிர்ப்பக்கம். வழி விடுங்க, வழி விடுங்க என்று கத்தினேன். ரங்கா ரங்கா சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? டாக்டரோடு திரும்பி வந்தபோது அத்தை அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

மாமி அழுதுகொண்டே, "பரமபத வாசல் திறந்திருக்கிறச்சே போயிருக்கா. யாருக்குக் கிடைக்கும் இந்தப் பாக்கியம்?" என்றார். அன்று முழுக்க வந்தவர்களெல்லாம் அதையேதான் சொன்னார்கள். கொடுத்து வைத்தவளாம். அவளுக்கு வைகுண்டம் யார் கேட்டார்கள்? வேலூர்தானே கேட்டாள்.

எடுத்துக்கொண்டு போகும்போது பார்த்தேன், பல்பு எரிகிறது, துரை சுகமாகத் திரிகிறது. நான் என் பங்கைச் செய்தேன். அது தன் பங்கைச் செய்தது. சொன்னபடி நடக்காதவள் அவள்தான். அவள்மேல் கோபம் வருகிறது. இதை யாரிடம் சொல்ல?

மார்கழி 15, செவ்வாய்

இன்றுதான் கவனித்தேன். ஸ்டூல் இருக்கிறது, பல்பு இருக்கிறது, பாட்டில் இல்லை. கொல்லையில் அண்டா, குடம், தவலை, சொம்பு எல்லாம் கழுவிக் கவிழ்த்துக் கிடக்கின்றன. வரிசையில் கடைசியாக மிட்டாய் பாட்டிலும்.

சாவு விழுந்த வீட்டில் இருக்கிற தண்ணீரையெல்லாம் கொட்டிவிட வேண்டும். வழக்கம். நாங்கள் ஆற்றங்கரையில் இருந்தபோது பெண்கள் கொட்டிக் கழுவியிருக்கிறார்கள். எங்கள் அப்பா செத்தபோதும் அப்படித்தான். அதுவும் தண்ணீர்தானே.

கேட்கவில்லை. பெண்ணைப் பறிகொடுத்தவர்களிடம் மீனைப் பற்றி எந்த முகத்தோடு கேட்பது? சாக்கடைப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஒன்றும் இல்லை. காக்கைகள்தான்.

மார்கழி 20

பழக்கத்தில் விடியலில் எழுந்து செம்பை எடுத்துவிட்டேன். கிணற்றடிவரை போய்த்தான் நினைவு வந்தது. அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அத்தை கதவோரம் நின்று பார்த்தார்கள். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. போய்விட்டார்கள்.

மார்கழி 27, ஞாயிறு

கருமாதி முடிந்தது. உறவெல்லாம் சாப்பிட்டுப் போயாயிற்று. வேலூருக்கு ஒரு கார்டு போட வேண்டும், இடம் வேண்டாம் என்று.

மார்கழி 28, திங்கள்

அத்தை ஊருக்குக் கிளம்பினார்கள். மைத்துனன் வண்டி பிடிக்கப் போயிருந்தான். பையை எடுத்தவர்கள் திரும்பக் கீழே வைத்தார்கள்.

"மாப்பிள்ளை, அந்த மீனை..."

"பரவாயில்லைங்க அத்தை. வழக்கம்தானே."

"கொட்டலைங்க. எல்லாத்தையும் கொட்டுன்னாங்க, கொட்டினேன். அந்தப் பாட்டிலைத் தூக்கினா அது என் மூஞ்சியைப் பாத்து வாலை விரிக்குது. அவ கண்ணாடி காட்டினாளே, அந்த மாதிரி. கை வரலை. யாரும் பாக்காம கிணத்துல விட்டுட்டேன். அன்னிக்கே சொல்லியிருக்கணும். எம்பொண்ணு போயிட்டா, இதைக் காப்பாத்தினேன்னு எந்த வாயால சொல்றது?"

இருவரும் அழுதோம். முதல் தடவையாக, சேர்ந்து.

தை 1

இந்த வருஷம் எங்களுக்குப் பொங்கல் இல்லை. மாமி போர்ஷனிலிருந்து வெல்ல வாசனை. பனி குறையவில்லை.

விடியலில் கிணற்றடி. குனிந்து பார்த்தால் இருட்டு. வாளியை மெதுவாக விட்டு மெதுவாக இழுத்தேன். தலையில் ஊற்றுவதற்கு முன் ஒவ்வொரு வாளியாகப் பார்த்தேன். நேற்றும் அப்படித்தான். இல்லை.

கடைசி வாளியில் முழங்கையை வைத்துப் பார்த்தேன். சுடவும் இல்லை, ஜில்லென்றும் இல்லை.