டீச்சர் வீட்டு நாலு வாய்க்கால்

புதன்
காலையிலேயே வெயில் கொளுத்துது. ரஹீமா டீச்சர் வீட்டுப் பின்பக்கம் வேலை. இத்தனை வருஷமா தோட்டம் போடறேன், இப்படி ஒண்ணு செஞ்சதில்ல. பாரசீகத் தோட்டம். நடுவுல தொட்டி, அதுல வழியற தண்ணி நாலு திக்கும் வாய்க்கால்ல ஓடணும். சொர்க்கத்துல நாலு ஆறாம்: தண்ணி, பால், தேன், மது. ஹிஸ்டரி டீச்சர் இல்லியா, பாடமே எடுத்துட்டாங்க. நம்ம ஊர்க் குளம்னா தண்ணிகிட்ட நாமதான் படி இறங்கிப் போவணும். இங்க அது காலடிக்கு வருது. சத்தம் போடாம வரணும்னு கண்டிஷன் வேற.

டீச்சர திங்கக்கிழமை வேலூர் ஆஸ்பத்திரியில சேக்கறாங்க. திரும்பி வருவாங்கன்னு மகன் சலீமுக்கே நம்பிக்கை இல்ல. அதுக்குள்ள நாலும் ஓடறத அவங்க பார்த்துடணும்.

வாங்கணும்: ரோஜாச் செடி, பைப் எல்போ 2, எனக்கு பி.பி. மாத்திரை.

வெள்ளி
தண்ணி விட்டோம். மானம் போச்சு. வடக்கும் கிழக்கும் ஓடுது, தெற்கும் மேற்கும் காஞ்சு கிடக்குது. டீச்சர் நாற்காலியில உக்காந்து பார்த்துக்கினே இருந்தாங்க. "தண்ணியும் பாலும் வந்துடுச்சு. தேன் லேட்டா வருமாமா?" சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல.

தளம் போட்ட ஏழுமலை மேஸ்திரியைத் தனியா கூப்பிட்டுக் கத்தினேன். ரசமட்டம் வெச்சுப் பார்த்தா, மொத்தத் தளமும் வடகிழக்கா, ஈசானிய மூலைக்குச் சரிவு. தெரிஞ்சேதான் வெச்சிருக்கார்.

"சீக்காளி இருக்கற வூடுமா. தண்ணி ஈசானியம் பார்த்து ஓடுனாத்தான் எழுந்து நடமாடுவாங்க. கெட்டதா செய்வேன்?"

நாளைக்கே பேத்துடலாம்னேன்.

சனி
தளத்தைப் பேத்தாச்சு. மேஸ்திரியே கடப்பாரை எடுத்தார். மதியம் சோறு தொடல. அவர் வேண்டுதலையே இடிக்கற மாதிரி இருக்குது. புதுசா மட்டம் வெச்சுப் பூசியாச்சு. மழை வேணாம் சாமி.

ஞாயிறு
விடியறதுக்குள்ள டீச்சருக்கு மூச்சுத் திணறல். வேலூருக்கு இன்னிக்கே தூக்கிக்கினு போயிட்டாங்க.

சாயங்காலம் மோட்டார் போட்டோம். நாலும் ஓடுது. ஒரே மட்டம், சத்தமே இல்ல. மேஸ்திரி தெற்கு வாய்க்கால் ஓரமா குந்திக்கினார். வீடியோ எடுத்து சலீமுக்கு அனுப்பினேன்.

திங்கள்
சலீம் போன். "அம்மி போயிட்டாங்கக்கா. வீட்டுக்குத்தான் கொண்டாறோம்." அப்புறம், "அம்மியக் குளிப்பாட்ட அந்தத் தோட்டத்துத் தண்ணியவே எடுக்கலாமா? நீங்களே மொண்டு வைங்கக்கா."

வீடியோவைப் பார்த்தாங்களான்னு கேக்க வாய் வரல.

அண்டா ரெண்டு கழுவி வெச்சேன். மேஸ்திரி மோட்டார் போட்டார். நடுத்தொட்டி ரொம்பி நாலு பக்கமும் வழிய ஆரம்பிச்சிடுச்சு. குடத்தோட நின்னேன். ரொம்ப நேரம் குனியவே முடியல.