பெயர் போடாத பெட்டியில் என் முத்திரை

எச்சூர்,
புதன்கிழமை.

அன்பு மகள் கலைமணிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நியூசிலாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தை இனியாவும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் கும்பிட்டுக்கொள்கிறோம். நீ அங்கே போன ஆறு வருஷத்தில் நான் எழுதும் முதல் கடிதம் இது, டெஸ்ட் சீட்டில் எண் எழுதுவதைத் தவிர வேறு எதற்கு நான் பேனா பிடித்தேன். தபாலில் போட்டால் வந்து சேர மூன்று வாரம் ஆகும், அதனால் எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உன் போனுக்கே அனுப்புகிறேன். போனிலேயே பேசிவிடலாமே என்று கேட்பாய். ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டபோது சிக்னல் சரியில்லை என்று சொல்லி அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன் அல்லவா, சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் வாய் வரவில்லை.

முதலில் வீட்டுச் சமாச்சாரம். அம்மாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது, ஆனால் டாக்டர் குறைத்த மாத்திரையை அவளாகவே இன்னும் குறைத்துக்கொள்கிறாள், அடுத்த முறை பேசும்போது நீயே கண்டித்து வை, நான் சொன்னால் அவள் காதில் ஏறாது. ஆடி பிறந்தும் மழை இல்லை, போர் தண்ணீர் இறங்கிவிட்டது, பின்பக்கம் வாடகைக்கு விட்டிருக்கும் ரூம்களுக்குக் காலையில் ஒரு மணி நேரம்தான் மோட்டார் போடுகிறோம். ஆறு ரூமிலும் ஆள் இருக்கிறார்கள். மூன்றாவது ரூமில் இருக்கிற இசக்கிசெல்வியை நீ வீடியோவில் பார்த்திருக்கிறாய், விளாத்திகுளத்துப் பெண், எங்கள் கம்பெனியில்தான் பேக்கிங்கில் வேலை பார்க்கிறாள், அம்மாவோடு தண்ணீருக்குச் சண்டை போட்டுவிட்டு அரை மணி கழித்து அம்மாவிடமே குழம்பு வாங்கிக்கொண்டு போவாள். எனக்கு ரிட்டையர் ஆக இன்னும் பத்து மாசம் இருக்கிறது. அதற்குப் பிறகு உன்னிடம் வந்து ஆறு மாசம் இருப்பதாக அம்மா இப்போதே ஸ்வெட்டர் பார்த்து வைத்திருக்கிறாள்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். உன் கார் பழசாகிவிட்டது, வேலைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிற மலைப்பாதை வளைவுகளில் வண்டி ஆடுகிறது, நாலு சக்கரத்துக்கும் ஷாக் அப்சார்பரை மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார் என்றாய். ஏதோ ஒரு ஆன்லைன் கடையில் பாதி விலைக்கு ஒரு செட் இருக்கிறது, இந்தியாவில் செய்தது, செய்தவர் பெயரை மட்டும் சொல்ல மாட்டார்களாம், பெரிய கார் கம்பெனிகளுக்கே செய்து கொடுக்கிறவர்கள்தான், ஒப்பந்தம் இருப்பதால் பெயரை வெளியே சொல்ல முடியாது என்று போட்டிருக்கிறார்களாம். அப்பா, இது உங்கள் தொழில்தானே, வாங்கலாமா, டெஸ்ட் ஆன முத்திரைகூட இருக்கிறது பாருங்கள் என்று ஐந்து படம் அனுப்பினாய், வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றாய். பொதுவாகக் கேட்டால், பெயர் இல்லாததாலேயே ஒரு பொருள் மட்டமாகிவிடாது. எங்கள் லைனிலேயே ஒரே ராடு, ஒரே எண்ணெய், ஒரே ஆட்கள், கடைசியில் ஒன்றுக்குக் கார் கம்பெனியின் பெயரை ஒட்டுவோம், இன்னொன்றை வெள்ளைப் பெட்டியில் போட்டு அனுப்புவோம். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால் பெயர் போட்ட பெட்டியில் ஒரு கோளாறு வந்தால் கார் கம்பெனி ஆட்கள் மறுநாளே வந்து எங்கள் கழுத்தைப் பிடிப்பார்கள், வெள்ளைப் பெட்டிக்காக யாரும் வரப்போவதில்லை, வித்தியாசம் அவ்வளவுதான். அதனால் இந்த மாதிரிப் பொருளை வாங்குகிறவர் டெஸ்ட் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். நாலு பீஸுக்கும் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்கூட மாறாமல் ஒரே ரீடிங் இருந்தால் அது மெஷினைப் பார்த்து எழுதியது இல்லை, எந்த இரண்டு பீஸும் அப்படி வராது. இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அப்படி எழுதியவன் நான்.

உன் மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார். குழாயின் அடியில், எப்போது செய்தது என்று காட்டுகிற லாட் நம்பருக்குப் பக்கத்தில் பச்சை மையில் சின்னதாக ஒரு வட்டம், உள்ளே பதினேழு என்று இருக்கும். ஷாக்கைச் சோதிக்கிற எங்கள் டெஸ்ட் பெஞ்சில் ஆளுக்கு ஒரு முத்திரை, பதினேழு என்னுடையது, பதினான்கு வருஷமாக வேறு யாரும் அதைத் தொட்டதில்லை. லாட் நம்பர் போன கார்த்திகை மாசத்தது. அப்போது புயல் மழை, செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு நீ பயந்துபோய் போன் செய்தாயே, அந்த வாரம். பெஞ்சின் கரண்ட் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கி மெஷின் நின்றுவிட்டது, சரி பார்க்கிற இன்ஜினியர் புனேயிலிருந்து வர வேண்டும், விமானம் இல்லை. ஒவ்வொரு ஷாக்கையும் பெஞ்சில் மாட்டி, சூடாகும்வரை இழுத்து அமுக்கி, எவ்வளவு பலம் காட்டுகிறது, எங்காவது எண்ணெய் கசிகிறதா என்று பார்த்த பிறகுதான் முத்திரை வைக்க வேண்டும். வெளியே லாரி வந்து நிற்கிறது. என் சூப்பர்வைசர் சக்திகுமார் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், நல்ல மனுஷன்தான், மேலே இருக்கிறவர்கள் அவரை நெருக்கினார்கள், அவர் வந்து என் தோளில் கை வைத்து, “இன்னாண்ணே பண்றது, போன லாட்டுல ஒரு ரீடிங்க எடுத்து எல்லாத்துக்கும் அதயே போட்டு ஸ்டாம்ப குத்தி உடுண்ணே, மெஷின் ரெடியானதும் பாத்துக்கலாம்” என்றார். மாட்டேன் என்று நான் சொல்லியிருக்கலாம், சொல்லியிருந்தால் தலையையா வாங்கியிருப்பார்கள், இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருப்பார்கள். மூன்று நாள், ஆயிரத்துச் சொச்சம் பீஸ், ஒன்றைக்கூடப் பெஞ்சில் ஏற்றாமல் குத்தினேன். யாரும் என் கையைப் பிடித்துக் குத்தவைக்கவில்லை.

மெஷின் சரியானதும், பெயர் ஒட்டிய பீஸ்களை மட்டும் திரும்ப எடுத்துவந்து டெஸ்ட் பண்ணச் சொன்னார்கள், கார் கம்பெனியிலிருந்து ஆடிட் வருகிறது என்று. அதில் ஐம்பத்திரண்டு தேறவில்லை. அந்த வாரம் வந்த, எண்ணெயை அடைத்து வைக்கிற ஆயில் சீல் சரியில்லை, கொஞ்சம் சூடானாலே ராடு ஓரமாக எண்ணெய் கசிந்தது. எண்ணெய் இறங்கிப்போன ஷாக் வளைவில் வண்டியைப் பிடிக்காது, சக்கரம் தரையை விட்டு எம்பும், பிரேக் போட்டாலும் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. வெள்ளைப் பெட்டிகள் நானூறு அதற்குள் துறைமுகத்துக்குப் போய்விட்டன என்றார்கள். அவற்றைத் திருப்பி வரவழைக்க வேண்டாமா என்று ஒரே ஒரு தரம் கேட்டேன், பார்க்கலாம் என்றார்கள், அப்புறம் நானும் கேட்கவில்லை. அது ஏன் என்றுதான் இந்த நாலு நாளாக யோசிக்கிறேன். பெட்டியின் மேல் பெயர் இல்லை, அதனால் அதை வாங்குகிறவர்களும் யாரோ என்று விட்டுவிட்டேன் போலிருக்கிறது. அந்த யாரோ நீயாக இருப்பாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உன் படத்தைப் பார்த்ததும் கலை, பின் சீட்டில் பாப்பா உட்கார்ந்திருப்பதுதான் கண்ணில் வந்தது.

ஒருவேளை அந்த வாரத்துப் பெட்டிகளை நிறுத்தியிருப்பார்களோ, இது வேறு ஏதாவதாக இருக்குமோ என்று ஓர் ஆசை. திங்கட்கிழமை சாயங்காலம் இசக்கிசெல்வி ஷிப்ட் முடிந்து வந்ததும் அவளைக் கேட்டேன். அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒன்றுகூட நிற்கவில்லை, மழையில் கம்பெனி பஸ் வராமல் அவளும் இன்னும் மூன்று பெண்களும் ஓ.டி. பார்த்துப் பெட்டிக்கு டேப் ஒட்டினார்களாம். ஏன் கேட்கிறீர்கள் என்றாள், சொன்னேன். “நீங்க முத்திர குத்துனா சரியாத்தான இருக்கும்னு நம்பி ஒட்டுனோம் அண்ணாச்சி” என்றாள். குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்றைக்கே அம்மாவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். மகளை வாங்க வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன், காரணம் எதற்கு, வேறு கம்பெனி நல்லது என்று சொன்னால் போதும் என்றேன். அம்மா புளி கரைத்துக்கொண்டிருந்தாள், கையை எடுக்காமலே கேட்டாள், “நம்ம பொண்ணுக்கு மட்டும் வாணாம்னு சொல்லிட்டா உனக்குத் தூக்கம் வந்துடுமா? மத்தது யார் யார் வூட்டு வண்டில மாட்டிகினு கீதோ.” முப்பத்தொரு வருஷத்தில் அவள் என்னை இப்படிக் கேட்டதில்லை. நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

நேற்று சக்திகுமாரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவருக்குச் சின்னச் சின்னப் பிள்ளைகள் இரண்டு, நான் என்ன செய்யட்டும். புகார் ஒன்றும் வரவில்லையே, விடுங்கள், பத்து மாசம் நிம்மதியாக இருந்துவிட்டுப் போங்கள் என்று கெஞ்சுகிற மாதிரி சொன்னார். புகார் எப்படி வரும், யாரிடம் சொல்வது என்று தெரிந்தால்தானே வரும் என்றேன். கம்பெனிக்குக் கொடுக்கிற காகிதத்தில் அவர் பெயரை நான் எழுதவில்லை, அவரே சொன்னால் சொல்லட்டும். நடந்தது இது, தேதி இது, லாட் நம்பர் இது, முத்திரை வைத்தவன் நான் என்று எழுதி இரண்டு காப்பி எடுத்து வைத்திருக்கிறேன். நாளை காலை குவாலிட்டி மேனேஜரிடம் ஒன்றைக் கொடுத்து, இன்னொன்றில் வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேட்கப் போகிறேன். அநேகமாக நாளையே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அதற்குப் பிறகு விசாரணை, என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது, உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

நீ அந்தச் செட்டை வாங்கக் கூடாது, இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. காசு கொஞ்சம் கூட ஆனாலும் செய்தவர் தன் பெயரைப் போட்டு விற்கிற பொருளையே வாங்கு, உன் மெக்கானிக்கே பெட்டியைப் பிரித்து மாட்டட்டும். ஆனால் நீ வாங்காமல் இருப்பதோடு இது முடியாது, நீ வேண்டாம் என்ற அதே பெட்டி அடுத்த வாரம் இன்னொருத்தர் வீட்டுக்குப் போகும். அந்தக் கடைக்காரருக்கு நீ எழுத வேண்டும். இந்த லாட் நம்பர் பொருள் எதுவும் டெஸ்ட் ஆகவில்லை, மேல் இருக்கும் முத்திரை பொய், விற்றதை எல்லாம் திருப்பி வாங்குங்கள் என்று எழுது. இங்கே நான் கொடுக்கிற காகிதத்தை மடித்து மேஜைக்குள் போட்டுவிட்டார்கள் என்றாலும், எங்கே எத்தனை வண்டிக்குப் போயிருக்கிறது என்று அந்தக் கடைக்காரர் கணக்கில் இருக்கும். அப்பாவுக்குப் பத்து மாசம்தானே, அது முடியட்டும், அப்புறம் எழுதலாம் என்று உனக்குத் தோன்றும். எனக்கும் அதுதான் முதலில் தோன்றியது. அந்தப் பத்து மாசத்தில் எந்த மலையில் யார் பெற்ற பிள்ளை வண்டி ஓட்டிக்கொண்டு போகுமோ, நமக்குத் தெரியாது. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து நீ பேசாமல் இருந்துவிடாதே அம்மா.

புது ஷாக் மாட்டும்வரை பனி விழுந்த காலையில் நீ வண்டியை எடுக்காதே, கூட வேலை செய்கிறவர்கள் யாராவது ஏற்றிக்கொண்டு போகட்டும். மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தை முழுசாகப் படித்துக் காட்டு, மாமனாரைப் பற்றி அவர் என்ன நினைத்தாலும் நினைக்கட்டும். நீங்கள் மூன்று பேரும் நூறு வயசு ஆரோக்கியமாக இருக்க வேண்டும், இனியாவுக்கு எங்கள் முத்தம். வெள்ளிக்கிழமைக்குள் எழுதிவிடு. யார் சொன்னது என்று கட்டாயம் கேட்பார்கள். ஏதோ தெரிந்தவர் என்று சொல்லாதே, கீழே இருக்கிறதை அப்படியே கொடு.

உன் அப்பா,
மு. கன்னியப்பன்,
டெஸ்ட் பெஞ்ச், முத்திரை எண் 17.