‘மலைக்குடி’ ஏன் நின்றது

அண்ணாச்சி,

இன்று காலை கரமனை வீட்டுக்குக் கூரியரில் ஒரு கட்டு வந்தது. பிரித்ததும் அச்சு மை வாடை. உங்கள் சட்டையில் எப்போதும் அடிக்குமே, அதே வாடை. நம் ‘மலைக்குடி’ இதழ்களைத் தொகுத்து நினைவு மலர் போடுகிறார்களாம். அதன் முன்பக்கங்களின் புரூஃப். முதல் கட்டுரை இதழின் வரலாறு. கடைசி வரி: “ஆசிரியரின் உடல்நலக் குறைவால் இதழ் நின்றது.”

கட்டைத் தூக்கி எறிந்தேன்.

உங்களுக்கு என்ன குறைவு? அந்தக் கடைசி இதழுக்காக மலைக்குப் போகும் விதுரா பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தீர்களே! மலையேறிக் காடு வெட்டித் தேயிலை நட்ட குடும்பங்களின் கதைதான் நம் இதழ். கதை சொன்னவருக்கு வாசித்துக் காட்டாமல் ஒரு வரியும் அச்சுக்குப் போகாது. அது உங்கள் சட்டம். எனக்குப் பக்கத்தை வடிவமைத்து முடித்தால் போதும். “வாட்ஸ்ஆப்பில் அனுப்பினா தீர்ந்துது” என்றேன். “கதை சொன்ன செல்லத்தாய்க்கு எழுத்து தெரியாதுடே, என்ஜினீயரே. காதுதான் இருக்கு” என்றீர்கள்.

எஸ்டேட் தொழிலாளர் லயத்து வாசலில் உட்கார்ந்து, செல்லத்தாய் சொன்னதை அவருக்கே வாசித்தீர்கள்: “காடு சும்மா கிடக்கல. காலங்காலமா அந்தக் காட்டுலயே வாழ்ந்த காணிக்காரங்க குடிசை இருந்துது. அதுக்குத் தீ வச்சவங்கள்ல எங்கப்பாவும் உண்டு.”

அவர் மகன் பாய்ந்தான். “தாத்தாவை ஊர் முழுக்க நாறடிக்கணுமாம்மா? அதை வெட்டுங்க சாரே.”

அந்த அம்மா அசையவில்லை. “வச்சது வச்சதுதான். போடுங்க.”

போட்டோம். முன்னோடிகளின் பெருமைக்காக விளம்பரம் தந்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். இதழ் நின்றது. இதுதான் வரலாறு. நீங்களோ யாரிடமும் சொல்லவில்லை. “விடுடே, அவங்களும் நம்ம ஆளுகதானே” என்று வாயை மூடிக்கொண்டீர்கள். நீங்கள் விட்ட அந்த இடத்தில்தான் இவர்கள் இன்று ஒரு நோயை எழுதி வைக்கிறார்கள். உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான்.

பொருளடக்கத்தைப் பார்த்தேன். கடைசி இதழே இல்லை. மலர்க்குழுத் தலைவருக்குப் போன் போட்டேன்.

“தம்பி, ஆளே போயாச்சு. இனி அதைக் கிண்டி என்ன கிட்டப்போவுது? மத்த இதழோட ஸ்கேன் மட்டும் அனுப்புங்க, கேட்டோ.”

எல்லா ஸ்கேனும் என்னிடம்தான் இருக்கின்றன. கடைசி இதழையும் சேர்த்து, அந்த வரியையும் மாற்றினால் தருவேன், இல்லையென்றால் ஒன்றுகூடக் கிடையாது என்றேன்.

“அண்ணாச்சி இப்படிப் பேசமாட்டாரே.”

பேசமாட்டீர்கள். தெரியும். உங்கள் பொறுமை எனக்கு வரவில்லை, வரவும் வேண்டாம். நீங்கள் வெளியே காட்டாத கோபத்தை நான் வைத்திருக்கிறேன். மலர் வராவிட்டால் போகட்டும். செல்லத்தாய் இன்னும் இருக்கிறார். அவர் சொன்னதைச் சொல்லவே இல்லை என்று ஆக்க விடமாட்டேன்.