பெயர் சன்னாசி, எண் நான்கு

ஜூன் 3, 2024

பாஸ்! பாஸ்! கால்பந்து நடுவர் பயிற்சியில் தேறிவிட்டேன். இருபத்துமூன்று பேரில் பெண் நான் ஒருத்திதான். ஈப்போவில் கண்ணாடிக் கடை வேலை முடிந்து மோட்டாரில் வரும்போது, சிவப்பு விளக்கில் நின்று விசிலை ஒரு ஊது ஊதினேன். பக்கத்து லோரிக்காரர் பதறிப்போய்ப் பார்த்தார். முப்பத்தெட்டு வயதில் இதெல்லாம் தேவையா? தேவைதான்!

ஜூன் 9

செமோரில் முதல் ஆட்டம். பழைய தோட்டத்துத் திடல். ஆறடிப் பையன் ஒருவன் மூஞ்சிக்கு நேரே வந்து, “ஃபவுல் இல்ல லா, ரெஃப்ரி!” என்று கத்தினான்.

“ஊதினா ஊதினதுதான். போ.”

யார் சொன்னது அது? நானா? வீட்டில் இவர் குழம்பில் உப்பு இல்லை என்றாலே உப்பு ஜாடியோடு ஓடுவேன். அங்கே இருபத்திரண்டு ஆம்பிளைகள் நான் கை காட்டிய பக்கம் ஓடுகிறார்கள்!

ஜூன் 12

மாமியார் வீட்டில் பூசை. இவருடைய அண்ணனை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் ஹாலில் இருந்தால் நான் உட்காரமாட்டேன். அவர் பேரை வாயால் சொன்னதே இல்லை. யாரும் மிரட்டிச் சொல்லித் தரவில்லை, பதினாறு வருஷமாக அப்படியே பழகிவிட்டது. இன்றைக்கும் அவர் உள்ளே வந்ததும் என் கால் தானாக அடுப்படிக்கு நடந்தது. திடலில் ஓடியதும் இதே கால்தானே? வெட்கங்கெட்ட கால்.

ஜூன் 18

நடுவர்களுக்கு மதிப்பெண் போடும் கமருதீன் அண்ணன் போன் செய்தார். “குமுதா, ஞாயித்துக்கிழம வெட்டரன் ஃபைனல், நாப்பது தாண்டினவங்க ஆட்டம், உனக்குத்தான். பாக்க வாரேன். நல்லா பண்ணினா காம்பார்ல நடக்குற மாநில நடுவர் தேர்வு முகாமுக்கு உன் பேர அனுப்புறேன்.”

குதித்தேன்! பிறகுதான் எந்தெந்தக் குழு என்று கேட்டேன். ஒன்றுக்கு மாமா கேப்டன்.

“அண்ணே, அவரு எங்க வீட்டுக்காரரோட அண்ணன்.”

“செமோர்ல யாரு யாருக்குச் சொந்தமில்ல? ரெண்டு குழுவும் சரின்னுட்டாங்க லா.”

ஜூன் 22

மாமா நாளைக்கு ஒழுங்காக ஆட வேண்டும், முருகா.

ஜூன் 23

இப்போதே எழுதிவிட வேண்டும்.

ஒன்றுக்கு ஒன்று. இன்னும் நான்கு நிமிடம். எதிர்க்குழுக்காரன் தனியாகக் கோலை நோக்கிப் போகிறான். மாமா பின்னாலிருந்து பாய்ந்து காலை வாரிவிட்டார். பந்து எங்கேயோ கிடக்கிறது. சிவப்பு அட்டை, அதில் பேச்சே இல்லை. ஊதிவிட்டேன்.

மாமா திரும்பினார். “என்ன புள்ள, என்னையா?”

என் கால் ஒரு அடி பின்னால் போனது. போனது, பொய் சொல்லமாட்டேன். தலைகூடக் குனிந்தது. விழுந்தவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகுகிறான். கோட்டுக்கு வெளியே கமருதீன் அண்ணன் பேனாவோடு நிற்கிறார்.

அட்டையைத் தூக்கினேன். “வெளிய போங்க.”

போனார்! அந்த ஃப்ரீ கிக்கிலேயே கோல், அவர் குழு தோற்றது. அறிக்கையில் எழுதினேன்: பெயர் சன்னாசி, எண் நான்கு. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஆட்டம் பார்க்க வந்திருந்த இவர், திரும்பும்போது காரில் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டார்.

ஜூன் 25

“மூத்தவன ஊரு பாக்க அசிங்கப்படுத்திட்டியே” என்றார் மாமியார். நான் குனிந்து பாத்திரம் தேய்த்தேன். அட்டை தூக்கினவள் எங்கே போய்த் தொலைந்தாள்?

ஜூன் 27

காம்பாருக்கு என் பேர் போய்விட்டது! மூன்று நாள் முகாம்! இவரிடம் சொன்னேன். “அண்ணன்கிட்ட கேட்டுச் சொல்றேன்” என்றார். எதுக்குக் கேக்கணும்? ஓடப்போறது அவரா, நானா?

ஜூன் 30

மாமா வந்தார். அண்ணனும் தம்பியும் ஹாலில் உட்கார்ந்து என்னை அனுப்புவதா வேண்டாமா என்று பேசினார்கள். நான் அந்த வீட்டிலேயே இல்லாததுபோல! தேத்தண்ணி கலக்கிக்கொண்டிருந்தேன். மூன்றாவது கப் ஒன்றை எடுத்து ஊற்றினேன். தட்டோடு போய், மாமாவுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“வெள்ளிக்கிழம போறேன் மாமா.”

மாமா என்னைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார்.

“அன்னிக்கி நான் பந்தத்தான் தொட்டேன்.”

“தொடல மாமா.”

இவருக்கு இருமல் வந்துவிட்டது. மாமா ஒரு வாய் குடித்தார்.

“தொடலதான்” என்றார்.

தேத்தண்ணியில் சீனி போட மறந்திருந்தேன். மூன்று பேரும் அதை அப்படியே குடித்து முடித்தோம்.